சோதனை மலையில் மத்தேயு 4-ஆம் அதிகாரம்

எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் சாலை இறங்கிக்கொண்டே போய், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 250 மீட்டர் கீழே உள்ள அந்த ஊரில் முடிகிறது. ஊருக்கு மேற்கே செங்குத்தாக எழுந்து நிற்பது சோதனை மலை. இயேசு நாற்பது நாள் உபவாசமிருந்த இடத்தின் பெயரைச் சுவிசேஷங்கள் சொல்லவில்லை. இந்த மலையைச் சுட்டுவது பாரம்பரியமே. 4-ஆம் நூற்றாண்டிலேயே துறவிகள் இதன் குகைகளில் தவமிருந்தார்கள். இப்போது கேபிள் கார் ஓடுகிறது. உபவாச மலையின் மேல்நிலையத்தில் உணவகமும் இருப்பது சற்று வேடிக்கைதான். அங்கிருந்து படியேறினால், பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டிருக்கும் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மடத்தை அடையலாம். இயேசு அமர்ந்ததாகச் சொல்லப்படும் கல் அங்குள்ள சிற்றாலயத்தில் வணங்கப்படுகிறது.

அந்த ஆலயத்தில் அமர்ந்து, உபவாசத்தின் முடிவில் சாத்தான் இயேசுவை மூன்று முறை சோதித்ததைச் சொல்லும் மத்தேயு 4-ஆம் அதிகாரத்தை வாசித்தபோது, அதை முன்பு நடந்த ஒரு நிகழ்ச்சியாக மட்டும் என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. கல்லை அப்பமாக்கச் சொல்லும் குரல் பசியின் குரல். மலையுச்சியிலிருந்து உலகத்தின் ராஜ்யங்களைக் காட்டும் குரல் ஆசையின் குரல். இவ்விரண்டையும் அடையாளம் காண்பது அவ்வளவு கடினமல்ல. என்னை நெடுநேரம் நிறுத்தியது, கீழே குதிக்கும்படி தேவாலயத்து உப்பரிகையில் நடக்கும் சோதனைதான். அங்கே சோதனைக்காரன் வேதவசனத்தையே எடுத்துப் பேசுகிறான். 91-ஆம் சங்கீதத்திலிருந்து, "உன் பாதம் கல்லில் இடறாதபடிக்கு" தூதர் ஏந்திக்கொள்வார்கள் என்பதுவரை சொல்லி நிறுத்திக்கொள்கிறான். சிங்கத்தின்மேலும் விரியன்பாம்பின்மேலும் நடந்து அவற்றை மிதித்துப்போடுவாய் என்கிற அடுத்த வசனத்தை அவன் தொடுவதில்லை. அந்தச் சிங்கமும் பாம்பும் நமக்குள் இருக்கும் கோபமும் இச்சையும் என்று கொண்டால், அவன் விட்டுவிட்டது புலனடக்கத்தைப் பற்றிய பகுதியைத்தான். பாதுகாப்பின் வாக்குறுதியை மட்டும் வைத்துக்கொண்டு அடக்கத்தின் பாடத்தைத் தள்ளிவிடும் பக்தி எவ்வளவு எளிதாக அகந்தையாகிவிடுகிறது என்பதை அங்கே கண்டேன்.

இயேசு தம் சொந்த வார்த்தையால் வாதாடுவதில்லை. மூன்று பதில்களும் பழைய ஏற்பாட்டின் உபாகமம் என்னும் நூலிலிருந்து வருகின்றன; நாற்பது ஆண்டு வனாந்தரத்தில் அலைந்த இஸ்ரவேல் ஜனங்கள் எங்கே இடறினார்களோ, அதைக் குறித்து மோசே அவர்களுக்கு நினைவூட்டிய பகுதி அது. பசியில் முறுமுறுத்தார்கள், தேவனைப் பரீட்சை பார்த்தார்கள், வேறு தெய்வங்களை வணங்கினார்கள்.

எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்து 399-இல் மறைந்த துறவி எவாக்ரியுஸ் இந்த அதிகாரத்தை ஒரு பயிற்சியாகவே எடுத்துக்கொண்டார். பெருந்தீனி, காமம், பணத்தாசை, துயரம், கோபம், சோர்வு, வீண்புகழ், அகந்தை என்று மனத்தைத் தாக்கும் எண்ணங்களை எட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிராகச் சொல்லவேண்டிய வசனங்களைத் தொகுத்து ஒரு நூலாகவே எழுதிவைத்தார். இது மந்திரம்போல் வசனத்தை உச்சரிக்கும் முறையாகச் சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோபம் ஏறிவிட்ட பிறகு பொருத்தமான வசனத்தைத் தேடிக்கொண்டிருக்க எவருக்கும் நிதானம் இருப்பதில்லை. ஆகையால் மனம் தெளிந்திருக்கும்போதே அதைத் தேடி நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.