ஐந்து மாதிரிகள், ஒரு குழாய்

பெருந்தொற்றுக் காலத்தில் உங்களுக்கு எப்போது மனம் தெளிந்தது என்று யாராவது கேட்டால், தடுப்பூசி வந்த நாளையோ ஊரடங்கு முடிந்த நாளையோ நான் சொல்வதில்லை. எங்கள் ஆய்வகப் பொறுப்பாளர் ஒரு காலையில் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, "இன்று முதல் மறுபடி பூலிங் போடலாம்" என்று சொன்னாரே, அந்த நாளைத்தான் சொல்வேன். வெளியில் இருப்பவர்களுக்கு அது வெறும் தொழில்சொல். கொரோனா பரிசோதனைக் கூடத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆய்வக நுட்புநராக நின்ற எனக்கோ, காய்ச்சல் விடும் உடம்பில் முதல் வியர்வை அரும்புவதைப் போன்ற செய்தி அது.

எங்கள் வேலையைச் சொன்னால்தான் அந்தச் சொல்லின் எடை புரியும். மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் குச்சியால் எடுத்த மாதிரி, விடிஎம் என்று நாங்கள் அழைக்கும் திரவம் உள்ள சிறு குழாயில் வந்து சேரும். உயிரிப் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்து அதைத் திறந்து, வைரஸின் உறையைச் சிதைக்கும் கரைசலில் கலந்து, அதன் மரபுப் பொருளான ஆர்என்ஏவை மட்டும் பிரித்தெடுத்து, 96 குழிகள் கொண்ட தட்டில் இடுவோம். இரண்டு குழிகள் எங்களுக்கானவை: ஒன்றில் கட்டாயம் பாசிட்டிவ் காட்ட வேண்டிய மாதிரி, மற்றொன்றில் வெறும் நீர். மீதி 94 குழிகளில் 94 மனிதர்கள். கருவி அந்த ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி, சூடாக்கியும் ஆறவிட்டும் சுற்றுக்கு ஒரு முறை இரட்டிக்கச் செய்யும். 40 சுற்றுகள் முடிவதற்குள் திரையில் ஒரு கோடு தரையை விட்டு எழுந்து வளைந்தால் தொற்று. கடைசிவரை தரையிலேயே கிடந்தால் வைரஸ் கண்டறியப்படவில்லை. திரையில் பெயர்கள் இருப்பதில்லை, எண்கள் மட்டுமே.

ஐந்து பேரின் மாதிரிகளிலிருந்து சிறிது சிறிது எடுத்து, ஒரே குழாயில் கலந்து, ஒரே சோதனையாகச் செய்வதுதான் பூலிங். கலவை நெகட்டிவ் என்றால் ஐவருக்கும் ஒரே சோதனையில் முடிவு கிடைத்துவிடும். பாசிட்டிவ் என்றால் ஐந்தையும் தனித்தனியே மறுபடி சோதிக்க வேண்டும். 1943இல், அமெரிக்க ராணுவத்தில் சேர வருவோரிடம் சிபிலிஸ் நோயைக் கண்டறியும் செலவைக் குறைக்க ராபர்ட் டார்ஃப்மன் முன்வைத்த யோசனை இது. நூறு பேரில் ஒருவருக்கு மட்டுமே தொற்று இருக்கும் காலத்தில், அந்த நூறு பேரையும் இந்த முறையில் சோதித்து முடிக்கச் சராசரியாக 25 சோதனைகள் போதும். இருபது பேருக்குத் தொற்று இருந்தால் 87 சோதனைகள் ஆகும். முப்பது பேருக்கு இருந்தால் 103. ஒவ்வொன்றாகவே செய்துவிட்டுப் போகலாம். ஆகவே பூலிங்கை நிறுத்தச் சொன்னால் அலை எழுகிறது என்றும், தொடங்கச் சொன்னால் வடிகிறது என்றும் பொருள். எந்தச் செய்தி வாசிப்பாளரும் சொல்வதற்கு முன்பே அது எங்கள் கைகளுக்குத் தெரிந்துவிடும்.

உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது 2020 மார்ச் 11ஆம் நாள். அதற்கடுத்த சில வாரங்களில் எங்களுக்கு இருந்த அச்சமெல்லாம் அந்தக் குழாய்களைப் பற்றியதுதான். மூடியைத் திருகும்போது விரல்கள் நடுங்கின. முழுக் கவச உடையை ஒரு முறை கழற்றினால் மறுபடி புதிது அணிய வேண்டும் என்பதாலும், புதிய உடைகள் போதாமல் இருந்ததாலும், வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டோம். நான் அதைத் தியாகம் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வாரத்தில் சிறுநீர்த் தொற்று வந்து, குளிர்க்காய்ச்சலோடு படுத்தபோதுதான் அது வெறும் முட்டாள்தனம் என்று விளங்கியது. காய்ச்சல் வந்ததால் என் மாதிரியையும் எடுத்துச் சோதித்தார்கள். நெகட்டிவ் என்று வந்தது. எந்த வைரஸுக்கு அஞ்சி அந்த உடைக்குள் ஒடுங்கிக் கிடந்தேனோ, அது என்னைத் தொடவே இல்லை. நானே வருவித்துக்கொண்ட நோய்தான் தொட்டது.

ஓய்வெடுங்கள், நன்றாகத் தூங்குங்கள் என்று யார் சொன்னாலும் எங்களில் எவரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெளியே அத்தனை பேர் முடிவுக்காகக் காத்திருக்கும்போது தூங்குவது குற்றமாகத் தோன்றியது. எங்களைத் திருத்தியது அறிவுரை அல்ல, அந்த வெறும் நீர் இருந்த குழி. தொடர்ந்து பதினான்கு மணி நேரம் வேலை செய்த ஓர் இரவில், எழவே கூடாத அந்தக் குழியின் கோடு மெல்ல எழுந்து நின்றது. களைத்த கை எங்கோ ஒரு துளியைத் தவறவிட்டிருக்கிறது. திரவத்தை அளந்து இடும் பிப்பெட்டின் முனையை மாற்ற மறந்திருக்கலாம், அல்லது குழி மாறி இட்டிருக்கலாம். நீருக்கே தொற்று என்று காட்டும் தட்டில் வேறு எந்தக் கோட்டை நம்புவது? 94 பேரின் சோதனையையும் முதலிலிருந்து செய்தோம். மறுநாள் எங்களுடைய மூத்த அக்கா ஒருவர் வேலைப் பட்டியலைத் திருத்தி எழுதினார். கவச உடைக்குள் ஒரே மூச்சில் நான்கு மணி நேரத்துக்கு மேல் யாரும் இருக்கக் கூடாது, நள்ளிரவுக்குப் பின் புதிய தட்டு தொடங்கக் கூடாது, இரண்டு குழுக்களாகப் பிரிந்து ஒரு குழு மற்றொன்றைச் சந்திக்கவே கூடாது என்பவை அதில் இருந்தன. "உனக்காகத் தூங்க வேண்டாம், அந்த நீர்க்குழிக்காகத் தூங்கு" என்று அவர் என்னிடம் சொன்னார். நலமாக இருப்பது என் சொந்தச் சுகம் அல்ல, வேலையின் ஒரு பகுதி என்று எனக்குப் புரியும்படி சொன்னவர் அவர்தான்.

முதல் அலை வடிந்தது. பூலிங் மறுபடி தொடங்கியது. அந்த மகிழ்ச்சியில் நாங்கள் செய்ததைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

ஆய்வகத்தை ஒட்டி எங்களுக்கு ஓர் ஓய்வறை உண்டு. சிறியது, ஒரே சன்னல், அதையும் குளிர்சாதனத்துக்காக மூடி வைத்திருந்தோம். நெருக்கடிக் காலம் முழுவதும் அங்கே நாற்காலிகளைச் சுவரோரமாகத் தள்ளி வைத்து, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே முகக்கவசத்தைக் கழற்றிச் சாப்பிடுவது வழக்கமாக இருந்தது. பூலிங் திரும்பிய வாரத்தில் யாரோ நாற்காலிகளை மேசையைச் சுற்றி இழுத்துப் போட்டார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது, நானாகவும் இருக்கலாம். பல மாதங்களுக்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் முழுதாகப் பார்த்தோம், சிரித்தோம், கூடி உட்கார்ந்து சாப்பிட்டோம். பத்து நாட்களுக்குள் ஐந்து பேருக்குத் தொற்று வந்தது.

உயிருள்ள வைரஸ் இருந்த ஆயிரக்கணக்கான குழாய்களைத் திறந்த இடத்தில் எங்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. அங்கே காற்றை உறிஞ்சி வடிகட்டும் பெட்டி இருந்தது, 0.3 மைக்ரான் அளவுத் துகள்களிலும் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்கும் என்95 கவசம் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக அச்சம் இருந்தது. ஓய்வறையில் இவை மூன்றும் இல்லை. இந்த வைரஸ் மூடிய அறையின் காற்றில் நுண்துளிகளாகத் தங்கிப் பரவுகிறது என்பதை வலியுறுத்தி 239 அறிவியலாளர்கள் 2020 ஜூலையிலேயே திறந்த மடல் எழுதியிருந்தார்கள். நாங்கள் அதைப் படித்தும் இருந்தோம். அறிகுறி தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவர் பிறருக்குத் தொற்றைக் கொடுக்க முடியும் என்பதும் தெரியும். தெரிந்தவற்றையெல்லாம் ஆய்வகத்தின் கதவுக்கு உள்ளேயே கழற்றி வைத்துவிட்டு, வெறும் மகிழ்ச்சியோடு ஓய்வறைக்குள் போயிருக்கிறோம். நம்பிக்கையால் எங்களுக்கு நேர்ந்த கேடு இது என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்வது சரியாகாது என்று இப்போது நினைக்கிறேன். அது நம்பிக்கையே அல்ல, களைப்பு. "போதும், முடிந்துவிட்டது" என்று சொல்லத் துடித்த களைப்பு, நம்பிக்கையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தது.

தொற்று வந்த ஐவரில் அந்த மூத்த அக்காவும் ஒருவர். அவருடைய மாதிரியை நான்தான் தட்டில் இட்டேன், எண்ணை மட்டும் பார்த்து. கோடு 17ஆவது சுற்றிலேயே எழுந்தது; எண்ணுக்குரிய பெயரைப் பதிவேட்டில் பார்த்த பிறகு சற்று நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கோடு எந்தச் சுற்றில் எழுகிறதோ அதைச் சிடி மதிப்பு என்பார்கள். எண் குறையக் குறைய மாதிரியில் வைரஸ் அதிகம், ஏறத்தாழ 3.3 சுற்று வேறுபாடு என்பது பத்து மடங்கு வேறுபாடு. அந்த நாட்களில் நோயாளிகளின் குடும்பத்தினர் இந்த எண்ணைத் தேர்வு மதிப்பெண் போலக் கேட்டு வாங்கி, ஒருவரோடொருவர் ஒப்பிட்டு அழுதுகொண்டிருந்தார்கள். குச்சி எவ்வளவு ஆழம் போனது, நோயின் எத்தனையாவது நாள், எந்த கிட் என்பதையெல்லாம் பொறுத்து மாறும் எண் அது என்று தொலைபேசியில் பலமுறை விளக்கியிருக்கிறேன். விளக்கிய நானே அன்றிரவு 17 என்ற எண்ணை நினைத்துத் தூங்காமல் கிடந்தேன்.

அக்கா வீட்டில் தனிமையில் இருந்தார். நாளுக்கு நான்கு முறை விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் குறித்து அனுப்புவார்; ஒரு மாலையில் 93 என்று வந்தபோது, பேச்சுக்கு இடம் கொடுக்காமல் மருத்துவமனையில் சேர்த்தோம். குப்புறப் படுக்க வைத்தும் ஆக்சிஜன் கொடுத்தும் பார்த்துக்கொண்டார்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு மருந்து, ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிகளின் இறப்பைக் குறைக்கிறது என்று பிரிட்டனின் ரெகவரி ஆய்வு 2020 ஜூனில் கண்டறிந்திருந்தது. அதுவும் அவருக்குக் கிடைத்தது. அந்த முடிவு வருவதற்கு மூன்று மாதம் முன்பு அவர் நோயுற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொன்னவர்களை விட, முகம் தெரியாத மருத்துவர்கள் பொறுமையாக நடத்திய அந்த ஆய்வுதான் அந்த வாரம் என்னைத் தாங்கியது.

அவர் தேறினார். ஆனால் மூன்றாம் வாரத்திலும் சோதனை பாசிட்டிவ்வாகவே வந்தது. வைரஸ் செத்த பின்னும் அதன் ஆர்என்ஏத் துணுக்குகள் வாரக்கணக்கில் உடலில் கிடக்கும். நாங்கள் செய்யும் பிசிஆர் சோதனை அவற்றையும் இரட்டித்துக் காட்டும். உலக சுகாதார நிறுவனம் 2020 மே 27 அன்றே, அறிகுறி தொடங்கிப் பத்து நாளும், அவை நீங்கிக் கூடுதலாகக் குறைந்தது மூன்று நாளும் கழிந்தால் மறுசோதனை இல்லாமலே தனிமையை முடிக்கலாம் என்று வழிகாட்டியிருந்தது. அப்படியிருந்தும் நெகட்டிவ் தாளைக் கையில் பார்த்தால்தான் ஆயிற்று என்று அவர் பிடிவாதமாக இருந்தார். இருபது ஆண்டுகள் ஆய்வகத்தில் இருந்தவர்! "நீங்களே இப்படிக் கேட்டால் எப்படி அக்கா?" என்றேன். "நான் இப்போது நோயாளி" என்றார். கடைசியில் வந்த தாளில் "கண்டறியப்படவில்லை" என்று இருந்தது. நாங்கள் ஒருபோதும் "இல்லை" என்று எழுதுவதில்லை. கருவியின் எல்லைக்குள் தேடினோம், அகப்படவில்லை என்று மட்டுமே எழுதுகிறோம். முன்பு அந்தச் சொல் எனக்குச் சட்டச் சிக்கலுக்கு அஞ்சிய வழவழப்பாகத் தெரிந்தது. அக்காவின் தாளைப் பார்த்த அன்று, ஒரு மனிதரிடம் சொல்லக்கூடிய மிக நேர்மையான ஆறுதல் அதுதான் என்று தோன்றியது.

பிறகு 2020 டிசம்பரில் தடுப்பூசிகள் புழக்கத்துக்கு வரத் தொடங்கின. அதற்குப் பிறகும் டெல்டா வந்தது. அந்த மாதங்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் சொற்கள் இல்லை, பூலிங் பற்றிய பேச்சே எழவில்லை என்பதோடு விடுகிறேன். செய்திகளை நாளுக்கு ஒரு முறை, மாலையில் மட்டும் பார்ப்பது என்று அப்போது வைத்துக்கொண்ட கட்டுப்பாடு இன்றும் தொடர்கிறது. 2021 கடைசியில் எங்கள் திரையில் ஒரு புதுமை தென்பட்டது. வைரஸின் வெவ்வேறு மரபணுக்களுக்கான கோடுகள் எழும்போது, எஸ் மரபணுவின் கோடு மட்டும் எழாமல் கிடந்தது. ஒமைக்ரானில் அந்தப் பகுதியில் ஒரு சிறு துண்டு இல்லாததுதான் காரணம். இல்லாத ஒரு கோட்டைப் பார்த்து மீண்டும் அலை வருவதை அறிந்தோம். அன்றே பூலிங்கை நிறுத்தினோம், சன்னலைத் திறந்தோம், நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளினோம். அச்சம் இருந்தது. ஆனால் செய்ய வேண்டியது என்ன என்று தேடிக்கொண்டு நிற்கவில்லை.

அந்த அலையும் வடிந்து, பொறுப்பாளர் பதிவேட்டை மூடி அந்தச் சொல்லைச் சொன்ன காலையில், பூலிங் போடுவதற்கு நானும் அக்காவும் உட்கார்ந்தோம். ஐந்து குழாய், ஒரு குழாய். ஐந்து குழாய், ஒரு குழாய். கை பழக்கத்தை மறக்கவில்லை. மாலையில் திரையில் அநேகமாக எல்லாக் கோடுகளும் தரையில் படுத்துக் கிடக்க, ஒரே ஒரு தொகுப்பு மட்டும் 31ஆவது சுற்றில் எழுந்தது. அதற்குரிய ஐந்து குழாய்களையும் தனியே எடுத்து வைத்தோம். சாப்பிடப் போகலாம் என்று அக்கா எழுந்தார். ஓய்வறைச் சன்னல் திறந்திருந்தது. நாற்காலிகள் சுவரோரத்திலேயே இருந்தன. அவர் ஒன்றில் உட்கார்ந்தார், நான் எதிர்ச் சுவரில் இருந்த மற்றொன்றில்.