முகர்ந்தால் குடித்ததாகாது

கும்பகோணத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் காப்பிப் பொடிக் கடை நடத்திய என் அப்பாவை ஒயின் விளையும் ஊர்களுக்கு அழைத்துச் செல்வதென்று முடிவானபோது, 'ஒயின்' என்ற சொல்லை வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று எனக்கும் மனைவிக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. நாங்கள் ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகரில் வசிக்கிறோம். ரைன் ஆற்றைத் தாண்டினால் பிரான்சின் அல்சாஸ் பகுதி. "மலையடிவாரத்தில் பழைய ஊர்கள், கோட்டை மதில், நாரைக் கூடு" என்று சொல்லித்தான் ஜூன் மாத ஞாயிறு ஒன்றில் அப்பாவையும் அம்மாவையும் கிளப்பினேன். கோல்மார் நகரைக் கடந்ததும் வழிகாட்டிப் பலகையை வாய்விட்டுப் படித்த என் ஒன்பது வயது மகள், "தாத்தா, இதுக்குப் பேரு ஒயின் ரோடு" என்று மொழிபெயர்த்தும் கொடுத்துவிட்டாள். வோஜ் மலையின் கிழக்குச் சரிவை ஒட்டி ஏறத்தாழ 170 கிலோமீட்டர் ஓடும் அந்தச் சாலைக்கு 1953 முதல் அதுவே அதிகாரபூர்வமான பெயர் என்பதால் என்னால் மறுக்கவும் முடியவில்லை.

"குடும்பத்தோடு சாராயக் கடைக்குப் போகிற வழக்கம் நம்ம வீட்டில் இதுவரை இல்லை" என்று அப்பா ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

முதலில் இறங்கிய ஊர் எகிஸ்ஹைம். நடுவில் ஒரு சிறு கோட்டையும் தேவாலயமும் இருக்க, அவற்றைச் சுற்றி வட்டத்துக்குள் வட்டமாகத் தெருக்கள் அமைந்த ஊர் அது. ஒன்பதாம் லியோ என்ற போப்பாண்டவர் 1002இல் பிறந்த இடம் என்று அவருக்குச் சிலையும் வைத்திருக்கிறார்கள். மரச்சட்டம் தெரியக் கட்டி மஞ்சளும் நீலமும் பூசிய வீடுகளை நான் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, தெரு வளைந்து வளைந்து புறப்பட்ட இடத்துக்கே வருவதை அம்மா கண்டுபிடித்துவிட்டார். நடுவில் சந்நிதி, சுற்றிலும் பிராகாரம் என்றால் ஒரு சுற்றோடு நிறுத்துவது முறையல்ல என்று மூன்று முறை வலம் வந்தார். எதிரே வந்த சுற்றுலாப் பயணிகளுக்கெல்லாம், அவர்கள் அப்பிரதட்சணமாகச் சுற்றுவது தவறென்று கையாலேயே உணர்த்தினார். கூரை உச்சியில் குஞ்சுகளோடு நின்ற நாரைக்கும் ஒரு கும்பிடு விழுந்தது.

மூன்றாவது சுற்று முடிவதற்குள் மணி இரண்டைத் தாண்டிவிட்டது. அந்த ஊர்களில் இரண்டு மணிக்குப் பிறகு பெரும்பாலான உணவகங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். மனைவி தொலைநோக்கோடு கட்டி வந்திருந்த புளியோதரையைத் திராட்சைத் தோட்டத்து ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தீர்த்தோம்.

அடுத்து ரிக்வீர். 1291இல் எழுப்பிய டோல்டர் காவல் கோபுரத்தை நோக்கி ஏறும் கல் பாவிய தெருவில், வெயிலும் முழங்கால் வலியும் தாங்காமல், குளிர்ச்சியாகத் தெரிந்த ஒரு வாசலுக்குள் அம்மா நுழைந்துவிட்டார். அது ஒயின் நிலவறை. வேறு வழியின்றி நாங்களும் பின்தொடர, அப்பா மட்டும் வாசற்படியிலேயே நின்றார். உள்ளே சிலர் ஒயினை வாயில் வைத்துக் கொப்பளித்து ஒரு பாத்திரத்தில் உமிழ்வதைக் கண்டதும்தான் அவருடைய முகம் சற்று இளகியது. "படிக்கம் வைத்திருக்கிறார்கள், பரவாயில்லை" என்று வெற்றிலை போடும் மனிதருக்கே உரிய மதிப்போடு உள்ளே வந்தார்.

மனைவிக்கு நான்கு கிண்ணங்கள். மகளுக்குத் திராட்சைச் சாறு. வண்டியோட்டியான எனக்கு ஒன்றுமில்லை. அப்பா ஒரு கிண்ணத்தை எடுத்து, மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடினார். முகர்ந்தால் குடித்ததாகாது என்பது அவருடைய கட்சி. கடையில் இருந்த காலத்தில் தெருமுனையிலிருந்தே வறுபடும் வாசனையைப் பிடித்து, கொட்டை பீபெரியா பிளாண்டேஷனா என்றும், தீ ஒரு நிமிடம் அதிகமாகிவிட்டதா என்றும் சொல்லக்கூடியவர் அவர்.

"மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறதே" என்றார்.

நிலவறைக்காரப் பாட்டி ஆவலோடு என்னைப் பார்த்தார். பத்தாண்டுகள் பாதுகாத்து வைத்த ரீஸ்லிங் ஒயினை ஊற்றிக் கொடுத்தவரிடம், ரேஷன் கடை வாடை அடிக்கிறது என்று எப்படிச் சொல்வது? கூசிக்கொண்டே ஜெர்மனில், "விளக்கெரிக்கும் எண்ணெய் மாதிரி ஏதோ என்கிறார்" என்று இழுத்தேன். பாட்டி மேசையைத் தட்டி எழுந்துவிட்டார். ரீஸ்லிங் முதிர முதிர அந்த மணம்தான் ஏறுமாம். விவரம் தெரிந்தவர்கள் அதைத் தேடித்தான் மோந்து பார்ப்பார்களாம். உடனே உள்ளேயிருந்து இன்னும் பழைய புட்டி ஒன்று வந்தது. "இதில் இன்னும் தூக்கல்" என்றார் அப்பா. கெவுர்ஸ்திராமினர் என்ற ஒயினை முகர்ந்ததும், "பன்னீர். கல்யாண வாசல்" என்றார். ரோஜா மணம் அதன் தனி அடையாளம் என்று பாட்டி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். காசு கொடுத்து நான்கையும் உண்மையாகவே அருந்திய என் மனைவியிடம் கருத்துக் கேட்டபோது, "நல்லா இருக்கு" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. அந்த வருத்தத்திலோ என்னவோ, வெளியே வந்ததும் அவள் தனியாக ஒரு கடைக்குப் போய்வந்தாள்.

திரும்பும் வழியில் ரைன் பாலத்துக்கு முன்பே, "வண்டியில் ஏதோ செத்துக் கிடக்கிறது" என்று அப்பா அறிவித்தார். ஓரங்கட்டி, கால்மிதிகளை உதறி, புளியோதரை டப்பாவின் மேல் பழி போட்டு, மகளின் காலணிகளைச் சாலையோரத்தில் வைத்து விசாரித்த பிறகே, மனைவி பின்பக்கத்துப் பையிலிருந்து வட்டமான பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினாள். வோஜ் மலைப் பாலில் செய்து, பல நாள் மேல்தோலைக் கழுவிக் கழுவிப் பதப்படுத்தும் மன்ஸ்டர் பாலாடைக்கட்டி. அப்பா அதை வாங்கி, எங்கள் எல்லாருடைய முகங்களும் கோணிக்கொள்ள, நிதானமாக இரண்டு முறை முகர்ந்தார்.

"கெட்டுப்போகவில்லை. சரியான பக்குவத்தில்தான் இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்தார். "ஆனால் வீடு வரைக்கும் யாரும் ஜன்னலை ஏற்றக் கூடாது."