கவானஸ் கணக்கு: ஒரு நகரமைப்பாளர் கவுன்சிலரானபோது

கூடுதல் மாடி கட்ட எந்தப் பகுதியில் அனுமதி தருகிறார்கள் என்பதைப் பார்த்தாலே நியூயார்க் நகரத்தின் ஏற்றத்தாழ்வு பாதி புரிந்துவிடும். 2016 மார்ச்சில் நகர மன்றம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. நில உபயோக மாற்றத்தால் அதிக உயரம் கிடைக்கும் இடங்களில், கட்டுகிறவர் ஒரு பங்கு வீடுகளைக் குறைந்த வாடகைக்கு நிரந்தரமாக ஒதுக்கியே ஆக வேண்டும். நல்ல விதிதான். ஆனால் ஈஸ்ட் நியூயார்க், ஈஸ்ட் ஹார்லம், ஜெரோம் அவென்யூ, இன்வுட் என்று வரிசையாக அது போய்ச் சேர்ந்தது கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கர்களும் வாடகைக்கு இருக்கும் ஏழைப் பகுதிகளுக்கு. வசதியான வெள்ளையர்கள் அதிகம் வாழும் வட்டாரத்துக்குப் பெரிய அளவில் அது வந்தது 2021 நவம்பரில், புரூக்ளினின் கவானஸில். அங்கே அதைப் பேரம் பேசி முடித்த இரு கவுன்சிலர்களில் ஒருவர் பிராட் லாண்டர். இன்னொருவர் ஸ்டீபன் லெவின்.

லாண்டர் நகரமைப்புப் படித்தவர், பிராட் (Pratt) கல்லூரியில். 1993 முதல் பத்து ஆண்டுகள் ஃபிஃப்த் அவென்யூ கமிட்டி என்ற அமைப்பை நடத்தினார். வாடகை உச்சவரம்புச் சட்டம் பெரும்பாலும் 1974க்கு முன் கட்டிய, ஆறு வீடுகளுக்குக் குறையாத கட்டடங்களுக்குத்தான் பொருந்தும். மூன்று நான்கு வீடுகள் உள்ள சிறு கட்டடத்தில் இருப்பவரை வாடகையை ஏற்றிக் காலி செய்ய வைத்தால் அன்று கேட்க நாதி இல்லை. அந்த ஓட்டையில் விழுந்தவர்களுக்காகத்தான் அந்த அமைப்பு வீட்டுக்காரர்களோடு மல்லுக்கட்டியது. பிறகு அதே கல்லூரியின் பிராட் மையத்துக்கு இயக்குநர், 2010 முதல் 2021 வரை கவுன்சிலர், அதன்பின் 2025 வரை நகரத்தின் தலைமைக் கணக்காளர்.

கவானஸுக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருந்தது. 2003இல் ஃபோர்த் அவென்யூவில் 12 மாடி வரை கட்டலாம் என்று மாற்றினார்கள். பதிலுக்கு ஒரு குறைந்த வாடகை வீடுகூடக் கேட்கவில்லை. தரைத்தளத்தில் என்ன இருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. விளைவு: நடைபாதையை ஒட்டி கார் நிறுத்தும் இடமும் காற்றுப்போக்கிகளும் வெற்றுச்சுவரும். மேலே இருந்ததெல்லாம் சந்தை விலை வீடு. உயரத்தைக் கொடுத்துவிட்டால் நிலத்தின் விலை அன்றைக்கே ஏறிவிடும். பிறகு போய் நிபந்தனை கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். கேட்க வேண்டியதை எல்லாம் மாற்றம் நிறைவேறும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

அதற்கான நேரமோ குறைவு. மாற்றத்துக்கான கோப்பு அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டதும் வட்டாரக் குழுவுக்கு 60 நாள், போரோ (நகரின் ஐந்து பெரும் பிரிவுகளில் ஒன்று) தலைவருக்கு 30, திட்டக் குழுமத்துக்கு 60, நகர மன்றத்துக்கு 50. அந்தக் கடைசி 50 நாளில்தான் உள்ளூர் கவுன்சிலரின் கை ஓங்கும், ஏனென்றால் அவர் வேண்டாம் என்றால் மற்ற உறுப்பினர்களும் வேண்டாம் என்பதே அங்கே வழக்கம். ஆனால் அதற்குள் வரைபடம் கெட்டியாகிவிட்டிருக்கும். திட்டம் முதலில் கவனித்திராத எதையும் அப்போது புதிதாகச் சேர்ப்பது கஷ்டம். கவானஸுக்கான பொதுக்கூட்டங்கள் 2013லேயே தொடங்கிவிட்டன, கோப்பு ஏற்கப்பட்டது 2021 ஏப்ரலில்.

இனி எண்கள். 82 பிளாக்குகள், சுமார் 8,500 வீடுகள், அவற்றில் ஏறக்குறைய 3,000 குறைந்த வாடகைக்கு. அந்த 3,000இல் சுமார் 950 நகரத்துக்குச் சொந்தமான ஒரே மனையில் வருகிறது. மீதி, தனியார் கட்டடங்களின் கால் பங்கு. இங்கேதான் இடம் முக்கியம். கவானஸில் சந்தை வாடகை உயரம் என்பதால் முக்கால் பங்கு வீடுகளின் வருமானம் மற்ற கால் பங்கைத் தாங்கிவிடும். ஈஸ்ட் நியூயார்க்கில் சந்தை வாடகையே தாழ்வு, நகரம் மானியம் போட்டால்தான் கட்டடம் எழும். பணக்காரப் பகுதியில் அனுமதி கொடுத்தால் நகரத்தின் நேரடி மானியம் மிச்சம். இது எனக்கு நியாயமும் கணக்கும் ஒன்றாகப் பொருந்துகிற இடமாகத் தெரிகிறது.

"குறைந்த வாடகை" என்றால் யாருக்கு? விதியின் முதல் வகைப்படி கட்டடத்தின் 25 சதவீதப் பரப்பு, வட்டார இடைநிலை வருமானத்தில் சராசரியாக 60 சதவீதம் உள்ளவர்களுக்கு. அந்த 25க்குள், கட்டடத்தின் குறைந்தது 10 சதவீதப் பரப்பு 40 சதவீத வருமானக்காரர்களுக்கு. 2021இல் மூன்று பேர் குடும்பத்துக்கு அந்த இடைநிலை 1,07,400 டாலர். 60 சதவீதம் என்றால் 64,440. வருமானத்தில் 30 சதவீதம் வாடகை என்று வைத்தால் மாதம் 1,611 டாலர். 40 சதவீதத்துக்கு 42,960, வாடகை 1,074. அப்போது குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர். ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு ஆண்டுக்கு 31,200, அதில் 30 சதவீதம் மாதம் 780. ஆக, ஆக மலிவான படியிலும் அந்தக் குடும்பத்துக்கு மாதம் 294 டாலர் துண்டு விழுகிறது. அரசின் வாடகை உதவிச் சீட்டு இல்லாமல் அந்தக் கதவு திறக்காது. எத்தனை சதவீத வீடு என்று மட்டும் கேட்டு எந்த வருமானப் படி என்று கேட்காமல் விடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

அந்தத் துண்டில் விழுகிறவர்கள் ஏற்கெனவே அங்கேயே இருந்தார்கள், கவானஸ் ஹவுசஸ், வைகாஃப் கார்டன்ஸ் அரசுக் குடியிருப்புகளில். 1,600க்கும் அதிகமான வீடுகள், பல ஆண்டுகளாகப் பழுது பார்க்காதவை. மாற்றத்துக்கான எல்லைக்கோடு அவர்களை விட்டுவிட்டுச் சென்றது. குடியிருப்புவாசிகளும் சேர்ந்த உள்ளூர்க் கூட்டணி, அந்தப் பழுதுக்குப் பணம் வராமல் மன்றத்தில் மாற்றத்துக்கு ஓட்டுப் போடக் கூடாது என்று கவுன்சிலர்களைப் பிடித்துக்கொண்டது. முடிவில் நகரம் 20 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. இந்த ஒப்பந்தத்தில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இதுதான். ஆனால் அப்படிப்பட்ட உறுதிமொழி சட்டமாகாது. கண்காணிப்புக் குழு ஒன்று உட்கார்ந்து வரிவரியாகக் கேட்டால்தான் வேலை நகரும்.

கவானஸ் கால்வாயும் இருக்கிறது. 2010இல் மத்திய அரசின் மாசு அகற்றும் பட்டியலில் சேர்ந்தது. பெருமழை பெய்தால் சாக்கடையும் மழைநீரும் ஒரே குழாயில் பொங்கி அதில் விழும். அதைப் பிடித்து வைக்க 80 லட்சம், 40 லட்சம் கேலன் கொள்ளளவில் இரண்டு தொட்டிகள் கட்ட வேண்டும். அந்த 950 வீட்டு மனையில் முன்பு நிலக்கரி வாயு ஆலை இருந்தது. மண்ணில் தார் இறங்கியிருப்பதால் ஏழைகளுக்கான வீடுகளே தாமதமாகும் ஆபத்து.

அடுத்த சிக்கல் மாநிலத் தலைநகரிலிருந்து வந்தது. வாடகை வீட்டுக்கான சொத்து வரி விலக்கு, 421-ஏ, 2022 ஜூன் 15ஆம் தேதி காலாவதியானது. அதற்குள் அடித்தளம் போட்டால்தான் விலக்கு என்பதால் கவானஸில் அவசர அவசரமாகக் கான்கிரீட் ஊற்றினார்கள். ஆனால் 2026க்குள் முடித்தாக வேண்டும் என்ற கெடுவில் வங்கிகள் கடன் தரத் தயங்கின. 2023இல் ஆளுநர் ஹோகல் கவானஸுக்கென்று தனி ஏற்பாடு செய்தார். 2024இல் கெடு 2031 வரை நீண்டது. நகர மன்றம் எவ்வளவு கெட்டியாகப் பேரம் பேசினாலும் வரிச் சட்டம் இன்னொருவர் கையில்.

2025 நவம்பரில் வாக்காளர்கள் நடைமுறையையே மாற்றிவிட்டார்கள். மலிவு வாடகைத் திட்டத்தை மன்றம் மறுத்தால் இனி மேயர், போரோ தலைவர், மன்றத் தலைவர் மூவரும் கொண்ட மேல்முறையீட்டுக் குழு அதைத் திருப்பலாம். வசதியான பகுதிகள் "எங்கள் தெருவில் வேண்டாம்" என்று தள்ளிவிடுவது இதனால் குறையும், அதை வரவேற்கிறேன். ஆனால் அந்த 20 கோடி டாலரும் அதே மறுப்பதிகாரத்தைக் காட்டித்தான் வந்தது. அது தளர்ந்த பிறகு, பக்கத்து அரசுக் குடியிருப்பின் பழுதுச் செலவை அடுத்த நில உபயோக மாற்றத்தில் யார், எந்தக் கட்டத்தில் எழுதி வாங்குவார்கள் என்பதற்கு இன்னும் வழி வகுக்கப்படவில்லை.