எந்தக் கெழமைன்னு போடலையே

எட்டு வருடமாக மருத்துவம் பற்றி எழுதுவதுதான் எனக்குப் பிழைப்பு. புளியம்பட்டியில் வீட்டிலிருந்தபடியே, கோயமுத்தூர் மருத்துவமனைகளுக்கு நோயாளி கையேடு, மருந்துக் குறிப்பு, ஆபரேஷனுக்கு முன்னால் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவம் என்று எழுதிக் கொடுக்கிறேன்.

ஒருமுறை, மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதத்துக்கான கையேடு வந்தது. அதற்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை வாரத்தில் ஒரே நாள்தான் போட வேண்டும். தவறித் தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகும். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உருவாவது குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். நான் 'வாரம் ஒருமுறை' என்று தடித்த எழுத்தில் போட்டு முடித்துவிட்டேன்.

எதை எழுதினாலும் அனுப்பும் முன் பக்கத்து வீட்டு அத்தையிடம் வாசித்துக் காட்டுவேன். அவர் படித்தது ஐந்தாவது வரை. அன்று அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டவர் கத்தியைக் கீழே வைத்தார். "எந்தக் கெழமைன்னு போடலையே அம்மிணி? சீட்டுல நாலு மாத்திரைன்னு இருந்தா, நானெல்லாம் தினம் ஒண்ணா நாலு நாளைக்குப் போட்டிருப்பனே."

எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. 2.5 மில்லிகிராம் மாத்திரையில் 10 மில்லிகிராம் என்றால் நான்கு வரும். அந்த நான்கையும் அவர் பிரித்த மாதிரி எத்தனை பேர் பிரித்திருப்பார்கள்! அன்றிரவே மாற்றினேன்: 'உங்கள் மாத்திரைக் கிழமை: ______. சொன்ன மாத்திரை அத்தனையும் அந்தக் கிழமையில் மட்டும். மற்ற ஆறு நாளும் இந்த மாத்திரை கிடையாது.' டாக்டர் பார்த்துவிட்டு, பக்க விளைவு குறையக் கூடவே கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரைக்கும் தனியாக ஒரு கிழமைக் கோடு போடச் சொன்னார்.

"சந்தை நாள்னு சொல்லீட்டா யாரும் மறக்க மாட்டாங்க" என்றார் அத்தை. எங்களுக்கு வியாழக்கிழமை சந்தை. ஊருக்கு ஊர் கிழமை மாறும் என்பதால் அச்சில் போட முடியவில்லை. ஆனால் கிழமையை எழுதித் தரும் நர்சுகளிடம் சொல்லி வைத்தேன். உங்க ஊர்ல எப்பங்க சந்தை என்று கேட்டே எழுதுகிறார்களாம்.

கூலி சொல் கணக்கில்தான். டிடிஎஸ் என்று 10 சதவீதம் வருமான வரியை முன்கூட்டியே பிடித்தது போக மீதி வர, சில இடங்களில் மூன்று மாதம் ஆகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சர்க்கரையை அடியோடு குணமாக்கும் பொடி என்று விளம்பரம் எழுதச் சொல்லி நல்ல தொகையோடு வருபவர்களைத்தான் பொறுக்க முடிவதில்லை. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்ய 1954ஆம் வருடச் சட்டமே தடை போட்டிருக்கிறது. அதை நம்பி ஒருவர் ஊசியை நிறுத்திவிட்டால் யார் பதில் சொல்வது? எழுத மாட்டேன் என்று சொல்லிவிடுவேன்.

இந்த வாரம் இன்சுலின் கையேடு. திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் வைக்கவே கூடாது என்று வாசித்தேன். "பிரிட்ஜ் இல்லாதவங்க?" என்றார் அத்தை. டாக்டரிடம் கேட்டு, ஈர மணலில் வைத்த மண்பானையைப் பற்றி ஒரு பத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.