லைன் வீட்டுக்கு வந்து சேராத 100 யூனிட்

திருப்பூர், பல்லடம் பக்கம் பனியன் கம்பெனிக்கும் தறிக்கும் போகிறவர்கள் குடியிருக்கும் பல காம்பவுண்டுகளில் ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கரண்ட் சர்வீஸ்தான். 2016 மே மாதம் தமிழக அரசு அறிவித்த, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமோ குடும்பத்துக்கு அல்ல, சர்வீஸ் நம்பருக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு வீட்டுக்கு 90 யூனிட் ஓடுகிறது. தனித்தனி சர்வீஸ் இருந்தால் ஆறு வீட்டுக்கும் பில்லே கிடையாது. ஒரே சர்வீஸ் என்றால் மொத்தம் 540. அதில் கழிவது 100 மட்டும். 500-ஐத் தாண்டிவிட்டதால் 101 முதல் 200 வரைக்கான குறைந்த ரேட்டும் போய்விடும். ஓனர் வீட்டுக்கு வீடு தனியாக சப்-மீட்டர் மாட்டி யூனிட்டுக்கு எட்டு ரூபாய் போட்டால், ஒரு பைசாகூடக் கட்ட வேண்டாத குடும்பம் 720 ரூபாய் கட்டுகிறது. இது நியாயமே இல்லை.

வாடகைக்கு இருப்பவரும் தன் பெயரில் சர்வீஸ் கேட்கலாம். தனி வாசல், தனி சமையலறை வேண்டும். ஓனர் ஒத்துக்கொண்டால் மின்வாரியத்தின் படிவம் 5-ல் அவருடைய சம்மதக் கடிதம் போதும். மறுத்தால் படிவம் 6: சட்டப்படி குடியிருப்பதற்கு ஆதாரம், ஈட்டுறுதிப் பத்திரம் (நஷ்டம் வந்தால் நானே பொறுப்பு என்று எழுதிக் கொடுப்பது), டெபாசிட் இரண்டு மடங்கு. இப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் ஆதாரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள், வாடகையைக் கையில் கொடுத்துவிட்டு ரசீது வாங்காததால். அதனால் முதல் வேலை, இந்த மாதத்திலிருந்தே ரசீது கேட்பது.

ஓனர்கள் தயங்குவதற்குப் பெரிய காரணம், சர்வீஸ் குடித்தனக்காரர் பேருக்குப் போனால் வீடும் போய்விடுமோ என்ற பயம். 2022-ல் சர்வீஸ் நம்பரோடு ஆதார் இணைக்கச் சொன்னபோதும் இதே பயம் கிளம்பியது. கரண்ட் பில்லில் இருக்கும் பெயர் வீட்டுக்குப் பத்திரம் ஆகாது. இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் இறங்கி வருகிற ஓனர்கள் இருக்கிறார்கள்.

தனி சர்வீஸ் வரும்வரை சப்-மீட்டரையாவது சோதித்துப் பாருங்கள். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால், வேறு ஏதோ உங்கள் லைனில் ஓடுகிறது. பெரும்பாலும் பொது மோட்டாரோ வாசல் விளக்கோதான். அடுத்து 1000 வாட் ஹீட்டர் ராடை மட்டும் அரை மணி நேரம் போடுங்கள். அரை யூனிட் ஏற வேண்டும். முக்கால் ஏறினால் மீட்டரை மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டதற்காக ஓனர் கரண்டைப் பிடுங்க முடியாது. தமிழகத்தின் 2017 வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.