கேசுவல்டியில் மூன்று ஆண்டுகள்

அவசர மருத்துவத்தில் எம்.டி. சேரப் போகிறேன் என்றபோது என் தந்தை கேட்ட முதல் கேள்வி, "கேசுவல்டியில் உட்காருவதற்கு எதற்கம்மா மூன்று வருடப் படிப்பு?" என்பதுதான். அவரைக் குறை சொல்ல முடியாது. இந்திய மருத்துவக் கழகம் இதனைத் தனித்துறையாக ஏற்றுக்கொண்டதே 2009-இல்தான். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோதுகூடக் கேசுவல்டி என்பது, வருகிறவரைப் பார்த்து எந்த வார்டுக்கு அனுப்புவது என்று சீட்டில் எழுதும் இடமாகவே இருந்தது. 2021 செப்டம்பரில் 200 கேள்விகளும் 800 மதிப்பெண்களும் கொண்ட நீட் முதுநிலைத் தேர்வை எழுதினேன். வழக்குகளால் தள்ளிப்போன கலந்தாய்வு 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. என் தரவரிசைக்குப் பொது மருத்துவம் கிடைக்காது என்பது தெரிந்ததும், டெல்டா மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவக் கல்லூரியில் இந்த இடத்தை எடுத்துக்கொண்டேன். ஆர்வத்தால் எடுத்தேன் என்று இப்போது சொன்னால் அது பொய்யாகிவிடும்.

டி.ஏ.ஈ.ஐ. என்று சுருக்கமாக வழங்கும் தமிழகத்தின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின்படி, வருகிற நோயாளிகளை அவசரத்தின் வரிசையில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்க வேண்டும். முதல் ஆறு மாதங்கள் பெரும்பாலும் அந்த வாசலில்தான் கழிந்தன. நோயின் பெயரைக் கண்டுபிடிப்பதுதான் மருத்துவம் என்று ஐந்தரை ஆண்டுகள் பழகிய மனத்துக்கு, பெயர் தெரியாமலேயே வேலையைத் தொடங்கு என்ற கட்டளை எளிதில் பிடிபடவில்லை. மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் என்ற வரிசையை யாரும் ஒரு மணி நேரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் தலையிலிருந்து இரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும் ஒருவரின் தலையைப் பார்க்காமல் முதலில் அவர் மூச்சைப் பார்ப்பதற்குக் கண்ணைப் பழக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின.

மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவதை மயக்கவியல் துறையில் ஒரு மாதம் தங்கிக் கற்றுக்கொண்டேன். அங்கே நோயாளி இரவு முழுவதும் பட்டினி கிடந்து, பல்லும் கழுத்தும் முன்கூட்டியே பரிசோதிக்கப்பட்டு, நல்ல வெளிச்சத்தில் மேசைமேல் படுத்திருப்பார். இருபதாவது டியூப் போட்டபோது எனக்குக் கை வந்துவிட்டது என்று நம்பினேன். எங்கள் சிவப்புப் பகுதிக்குத் திரும்பிய வாரமே, சாப்பிட்ட கையோடு இருசக்கர வாகனத்தில் புறப்பட்டு விபத்துக்குள்ளான ஒருவர், கழுத்துப் பட்டையுடனும் வாய் நிறைய இரத்தத்துடனும் வந்தார். எனக்குக் குரல்நாண் தெரியவே இல்லை. இரண்டாம் முயற்சிக்குப் பின் சீனியர் அக்கா ஒருவர் என்னை விலக்கிவிட்டு டியூப் போட்டார். பிறகு, "முடியலைன்னு முதல் தடவையே சொல்லியிருக்கணும், அது தோல்வி இல்ல, அதுவும் ஒரு ஸ்டெப்" என்று மட்டும் சொன்னார்.

வயலும் வாய்க்காலுமான எங்கள் பகுதியில் விபத்துகளுக்கு இணையாகப் பூச்சிமருந்து நச்சும் பாம்புக்கடியும் வரும். பூச்சிமருந்துகளில் ஆர்கனோபாஸ்பேட் வகை நச்சுக்கு, நெஞ்சில் சுரக்கும் நீரை வற்றவைக்கும் அட்ரோபினைக் கொடுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போக வேண்டும். மூன்று ஆம்பியூல் (ஊசிமருந்துக் குப்பி), ஆறு, பன்னிரண்டு என்று அது ஏறும்போது புதியவருக்குக் கை நடுங்கும். நாடித்துடிப்பு ஏறியதையும் கண்ணின் பாப்பா விரிந்ததையும் பார்த்துவிட்டு, போதும் என்று நான் ஒருமுறை நிறுத்திவிட்டேன். "நெஞ்சைக் கேட்டாயா?" என்றார் பேராசிரியர். ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோது இரண்டு நுரையீரலும் நீரில் கொப்பளித்துக்கொண்டிருந்தன. கண்ணோ நாடியோ அல்ல, நெஞ்சு வறள்வதுதான் அட்ரோபினுக்கு முதன்மையான எல்லைக்கோடு. மறுபக்கம், அதே மருந்து மிகுந்துபோய் நோயாளி காய்ச்சலோடு பிதற்றத் தொடங்குவதையும் அந்த ஆண்டே பார்த்தேன்.

கட்டுவிரியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தரையில் படுத்துறங்கிய ஒருவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார். கடிவாய் தெரியாது, வீக்கம் இருக்காது, இருபது நிமிட இரத்த உறைவுச் சோதனையும் சரியாகவே இருக்கும். நரம்பை முடக்கும் விஷத்தின் அடையாளமாக இமை சற்றே தாழ்ந்திருப்பதைக் கவனிக்காதவர் இரைப்பைக்கு ஊசி போட்டுப் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார். அடுத்த சில மணி நேரத்தில் மூச்சு நின்றுபோகும். எங்களிடம் வந்த ஓர் இளைஞர் வென்டிலேட்டரில் நான்கு நாள் விரல்கூட அசையாமல் கிடந்தார். பாப்பா விரிந்து, ஒளிக்கு அசையவில்லை. மூளைச்சாவு என்று நினைத்துவிடக் கூடாது என்பதைப் பாடத்தில் படித்திருந்தும், அவர் கட்டிலருகில் நின்று நாங்கள் நம்பிக்கையில்லாமல் பேசினோம். அவர் தேறியபின், இரண்டாம் இரவு யார் என்ன சொன்னார் என்பதைத் திருப்பிச் சொன்னார். அதிலிருந்து, செயலிழந்து கிடப்பவரிடம் இன்ன ஊசி போடுகிறேன் என்று சொல்லிவிட்டே போடுகிறேன்.

பயிற்சியின் கடினமான பகுதி எது என்று இளையவர்கள் கேட்டால், நோய்களைச் சொல்லமாட்டேன். உயிரை நிலைப்படுத்திய நோயாளியை அடுத்த துறை ஏற்றுக்கொள்ள வைப்பதுதான் கடினம். தலைக்காயமும் தொடையெலும்பு முறிவும் வயிற்றில் இரத்தக்கசிவும் ஒருங்கே உள்ளவரை மூன்று துறைகளும் மற்றவருடைய நோயாளி என்று கருதும்; அவர் எங்கள் கட்டிலிலேயே கிடப்பார். அதிகாலை மூன்று மணிக்குத் தொலைபேசியில் எப்படிப் பேசுவது என்பதை எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. நோயாளியின் கதையைப் பத்து நிமிடம் சொல்லாமல், "வயிற்று ஸ்கேனில் இரத்தம் தெரிகிறது, பிரஷர் எண்பது, தியேட்டர் வேண்டும்" என்று எடுத்த எடுப்பில் கூறினால் எதிர்முனை எழுந்து வரும் என்பதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆய்வேட்டுக்கு, பாம்பு கடித்த நேரத்திலிருந்து முதல் விஷமுறிவு மருந்து ஏறும் வரை ஆகும் தாமதத்தை எடுத்துக்கொண்டேன். நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறுவதைவிட, கடித்த நேரத்தைக் கண்டறிவதே பெரும்பாடாகிவிட்டது. "பால்காரர் வந்துட்டுப் போன பிறகு", "கடைசி டவுன் பஸ் போறப்ப" என்பார்கள். படிவமோ மணியும் நிமிடமும் கேட்கும். அந்த ஊர்ப் பேருந்து எப்போது கடக்கும் என்று நடத்துநரிடம் கேட்டுப் படிவத்தை நிரப்பியதும் உண்டு.

முதுநிலை மாணவர்கள் மாவட்ட மருத்துவமனையில் செய்ய வேண்டிய மூன்று மாதப் பணியை நடுவில் முடித்தேன். அங்கே பெரும்பாலும் காய்ச்சல்தான். இறுதித் தேர்வில் நான்கு எழுத்துத் தாள்கள், பிறகு செய்முறை. செய்முறைத் தேர்வுக்குக் கொடுக்கப்படும் நோயாளி, தேர்வு முடியும்வரை பேசக்கூடிய நிலையில் இருந்தாக வேண்டும் என்பதால், உண்மையான அவசரம் எதுவும் அவருக்கு இருக்காது. எனக்குக் கிடைத்தவர் அரளி விதையைத் தின்று, ஏழு நாள் தேறிய நோயாளி; என்னைவிடத் தெளிவாகத் தம் வரலாற்றைச் சொன்னார்.

முடிவு வந்தபின், படிப்பு முடிந்ததும் அரசுப் பணி செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தப்படி ஓர் அரசு மருத்துவமனையில் பணியமர்த்தப்பட்டேன். அவசர மருத்துவத் துறை என்று தனியாக அங்கே ஏதும் இல்லை. கேசுவல்டி அறையில் இரண்டு கட்டில்களும் ஒரு வென்டிலேட்டரும் உள்ளன. முதல் நாள் சிஸ்டரிடம் மருந்து அலமாரியின் சாவியைக் கேட்டு வாங்கி, அட்ரோபின் ஆம்பியூல்களை எண்ணிப் பார்த்தேன். நாற்பத்திரண்டு இருந்தன. ஒரு நோயாளிக்கு முதல் அரை மணி நேரத்துக்கே அது போதாது என்று கிடங்குக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.