நான் சொல்லாமல் விட்ட ஃப்ரோசன் டிரான்ஸ்ஃபர்

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. கேரளம்தான், ஆனால் வீட்டிலும் காட்டிலும் தமிழ். குழந்தை உண்டாவதற்கான சிகிச்சைக்கு வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூர் போனோம். மாதாமாதம் செக்கப் மட்டும் ஊர்ப்பக்கத்து ஆஸ்பத்திரியில்.

எனக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி. ஊசி போட்டு எடுத்ததில் 24 கருமுட்டை. பூரித்துப் போனேன். இரண்டே நாளில் வயிறு உப்பி மூச்சு வாங்கியது. "இப்பக் கருவை வெச்சா நீர் இன்னும் கோத்துக்கும்மா, எல்லாத்தையும் ஃப்ரீஸ் பண்ணிடலாம்" என்றார் டாக்டர். உறைய வைத்ததில் என்ன உயிர் இருக்கும் என்று அன்றிரவு அழுதேன்.

அந்த அழுகை வீண். நீர்க்கட்டி உள்ள 1,508 பெண்களிடம் சீனாவில் நடந்து, 2016இல் வெளியான ஆய்வில், இந்த வயிற்று வீக்கம், கருவை உடனே வைக்கும் ஃப்ரெஷ்ஷில் 7.1 சதவீதம், உறைய வைத்துப் பிறகு வைக்கும் ஃப்ரோசனில் 1.3தான். குழந்தை பெற்றவர்களும் ஃப்ரோசனில்தான் அதிகம். ஆனால் அதே ஆய்வில் பிரீ-எக்லாம்சியா, அதாவது கர்ப்பத்தில் பிரஷர் ஏறும் நோய், ஃப்ரெஷ்ஷில் 1.4, ஃப்ரோசனில் 4.4. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து, ஹார்மோன் மாத்திரையால் கர்ப்பப்பையைத் தயார்செய்து ஒரு கருவை வைத்தார்கள். நின்றது. பத்தாவது வாரம் ஃபைலைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஊர் ஆஸ்பத்திரியில் "ட்ரீட்மென்ட் எடுத்து உண்டானதா?" என்று டாக்டர் கேட்டபோது, எனக்குப் பின்னால் நாத்தனாரின் மாமியார் நின்றிருந்தார். "இல்லைங்க" என்றேன். ஃபைல் பீரோவிலேயே கிடந்தது.

33ஆம் வாரம் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. "தலைச்சனுக்கு அப்படித்தான் கண்ணு, உப்பைக் குறைச்சுக்கோ" என்றார் அத்தை. ராத்திரி தலை பிளந்தது, கண்ணில் பூச்சி பறந்தது. விடியுமுன் பாலக்காடு போய்ச் சேர்ந்தோம். பிரஷர் 170/110, சிறுநீரில் புரதம். வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் ஏற்றினார்கள், உடம்பெல்லாம் காந்தியது. குழந்தையின் நுரையீரலுக்காக இரண்டு ஊசி. மூன்றாம் நாள் ஆபரேஷன். பெண், 1.9 கிலோ. 14 நாள் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன்.

அங்கே ஒரு டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்து விளக்கினார். முட்டை வெடித்த இடத்தில் கார்பஸ் லூட்டியம் என்றொரு சுரப்பி உண்டாகுமாம். அது சுரப்பவைதான் தாயின் ரத்தக் குழாய்களைக் கர்ப்பத்துக்குப் பழக்குகின்றன என்று நினைக்கிறார்கள். மாத்திரையில் தயார்செய்யும்போது முட்டையே வெடிப்பதில்லை, அந்தச் சுரப்பியும் இல்லை. "முதல்லயே சொல்லியிருந்தா 12 வாரத்துலயே ஆஸ்பிரின் யோசிச்சிருப்போம், பிரஷரை அடிக்கடி பார்த்திருப்போம்" என்றார். நோயே வந்திருக்காது என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் அந்த "இல்லைங்க" இன்னும் என் காதில் கிடக்கிறது.

எங்கள் கரு இன்னும் இரண்டு உறைந்திருக்கிறது. அடுத்த முறை முட்டை வெடிக்க வேறு மாத்திரை கொடுத்து, வெடித்த பிறகு வைக்க முடியுமா என்று போன வாரம் கோயம்புத்தூரில் கேட்டேன். ஸ்கேனுக்கு நாலைந்து தடவை வரவேண்டியிருக்கும் என்றார்கள். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பிரஷர் மிஷின் வாங்கியாயிற்று. பழைய ஃபைலை இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அத்தையிடமே கொடுத்துவிட்டேன்.